மணிக்குள் போன மூக்குத்தி

பழைய இரும்புக் கடையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிறிது நேரம் தரையைப் பார்ப்பார்கள். ஓய்வு என்ற சொல்லும் கொஞ்சம் கூடத்தான். ஓய்வூதியம் இல்லை, பிரியாவிடைக் கூட்டம் இல்லை. முள்ளந்தண்டில் ஒரு தட்டு விலகியது, வைத்தியர் இனிப் பாரம் தூக்கினால் படுக்கைதான் என்றார், முதலாளி உடுக்க ஒரு சாரமும் ஒரு புரியாணிப் பொதியும் தந்து அனுப்பிவைத்தார். ஐம்பத்தெட்டு வயதில் என்னையும் ஒரு மூலையில் தரம் பிரித்துப் போட்டாயிற்று.

ஆனால் கடை என்னை விடவில்லை. நான் வந்த பிறகு அங்கே ஒரு கருவி வாங்கியிருக்கிறார்கள். துவக்கு மாதிரி இருக்கும். உலோகத்தின்மேல் பிடித்து விசையை அழுத்தினால் அதில் என்னென்ன எத்தனை வீதம் என்று திரையில் காட்டும். பன்னிரண்டு வருடம் அரமும் காந்தமும் காதுமாக நான் செய்த வேலையை அது கண் மூடித் திறக்கும் நேரத்தில் செய்கிறது. இதில் எனக்குப் பொறாமை இல்லை என்று சொல்ல ஆசைதான். பிரச்சினை என்னவென்றால், அது சொல்வதை என்ன செய்வது என்று கேட்டு என் இடத்தில் இப்போது இருக்கிற பிள்ளைகள் எனக்குத்தான் தொலைபேசி எடுக்கிறார்கள்.

“அண்ணை, ஒரு பழைய தண்ணி பைப். பாரத்துக்குப் பித்தளை மாதிரிக் கிடக்கு. மிசின் நிக்கல் எண்டுது.”

மேலே பூசியிருப்பதைத்தான் அது வாசிக்கிறது, அரத்தால் கீறிப்போட்டு உள்ளே பிடி என்று சொல்வேன். நன்றி அண்ணை என்பார்கள். அடுத்த கிழமை இன்னொரு பைப் வரும். இன்னொரு அழைப்பும் வரும்.

அவர்களாவது சம்பளத்துக்காகக் கேட்கிறார்கள். கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் கேட்பவர்களை என்ன செய்வது? “ஏன் அண்ணை, என்ர இவ்வளவு பெரிய கேற்றுக்கு ஒண்டும் தராமல், கைக்குள்ள அடங்கிற செப்புக் கம்பிக்கு அள்ளிக் குடுக்கிறியள்?” ஆரம்பத்தில் நான் ஒழுங்காக விளக்கம் சொன்னேன். இரும்பு எங்கும் கிடைக்கிறது, கிடக்கக் கிடக்கத் துருவாகக் கொட்டுகிறது. செம்பை எத்தனை தரம் உருக்கினாலும் அது புதுச் செம்பே. அலுமினியத்தை மண்ணிலிருந்து எடுக்க ஒரு ஊருக்குத் தேவையான மின்சாரம் வேண்டும், பழைய சட்டியை உருக்கக் கொஞ்சம் நெருப்புப் போதும், அதனால் பழைய சட்டிக்கு மரியாதை. இப்படி நான் சொல்லிக்கொண்டு போகையில் கேட்டவர் எழுந்து பந்திக்குப் போயிருப்பார். என் மனைவி ஒருநாள் சொன்னா, நீங்கள் இரும்பு வாங்கப் போன ஆளா, இரசாயனவியல் ரியூசன் குடுக்கப் போன ஆளா என்று.

அதில் ஒரு நியாயம் இருந்தது. உயர்தரத்தில் இரசாயனவியலை நான் இரண்டு தரம் எடுத்தவன். இரண்டு தரமும் அது என்னை எடுக்கவில்லை. அதன் பிறகு நாட்டு நிலைமை, இடப்பெயர்வு, கையில் கிடைத்ததையெல்லாம் வாசிப்பது, கிடைக்காத வேலையைத் தேடுவது என்று காலம் போய், கடைசியில் காதர் முதலாளியின் கடைக்கு வந்து சேர்ந்தேன். அவர் முல்லைத்தீவுக்காரர். இடம்பெயர்ந்து நெடுங்காலம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, கிளிநொச்சியில் ஏ-நைன் வீதியோரம் தகரம் அடித்துக் கடை போட்டவர். முதல் நாள் என் சான்றிதழ்களைப் பார்த்தார். திரும்பத் தந்தார். ஒரு கிழிந்த சாக்கைக் கொட்டி, “இதைப் பிரியும்” என்றார். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

பிரிப்பது என்றால் சும்மா இல்லை. முதலில் காந்தம். ஒட்டினால் இரும்பு, பின்பக்கம் போ. ஒட்டாவிட்டால் நிறம். நிறம் சரிவராவிட்டால் அரம் போட்டுப் புதுமுகம் பார். அதுவும் குழப்பினால் தட்டிக் கேள். செம்பிலேயே மூன்று சாதி. தோல் உரித்த பளபளப்பான கம்பி முதலாம் தரம். நெருப்பில் போட்டுத் தோலை எரித்தது இரண்டாம் தரம், கருகிப் போயிருக்கும். ஒட்டுப்போட்ட பற்றாசு பிடித்தது மூன்றாம் தரம், அதில் ஈயம் கலந்துவிடுகிறது. பித்தளைப் பைப் என்றால் உள்ளே இருக்கிற இரும்பு ஆணியைக் கழற்று, றப்பர் வளையத்தைக் கழற்று, பிறகு தராசில் வை. வாடிக்கையாளருக்கு இது பிடிக்காது. ஆணியும் சேர்ந்த நிறையைத்தான் அவர் வீட்டில் தூக்கிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பார்.

விசுவமடுவில் இருந்து ஒருவர் அலுமினியக் கிடாரம் ஒன்றை நன்றாக நசுக்கிச் சப்பையாக்கிக் கொண்டுவந்தார். தட்டினால் அலுமினியத்தின் சத்தம் இல்லை. விரித்துப் பார்த்தால் உள்ளே பாலை மரத்துக் குற்றியும் இரண்டு கல்லும். இது எப்படி உள்ளே போனது என்று கேட்டேன். “சண்டைக்குள்ள எவ்வளவோ எங்கெங்கயோ போயிட்டுது, இது கிடாரத்துக்குள்ள போனதுதான் உங்களுக்குப் பெரிய விசியமோ?” என்றார். முதலாளி அவருக்கும் தேத்தண்ணி சொன்னார்.

முதலாளியின் குணம் அதுதான். யாரோடும் வாய் கொடுக்கமாட்டார். “இல்லை” என்ற சொல் அவரிடம் கிடையாது, “பாப்பம்” என்பார், பிறகு செய்தும் விடுவார். வந்த பொருளை இரண்டு கையாலும் வாங்குவார், பழைய சைக்கிள் விளிம்பாக இருந்தாலும் சரி. நடுவிரல் கணுவால் ஒரு தரம் தட்டி, தலையைச் சரித்துக் கேட்பார். தேத்தண்ணி வந்து, குடித்து, கோப்பை கீழே போகும் வரை விலை சொல்லமாட்டார். எனக்கு இது பொறுக்காது. ஒருநாள் சினந்து, இதற்கு இவ்வளவு நேரம் என்னத்துக்கு, செம்பு செம்புதானே என்று கேட்டுவிட்டேன். அவர் கணக்காகச் சொன்னார்: “தம்பி, நாங்கள் உலோகத்துக்குக் காசு குடுக்கிறேல்லை. பிரிக்கிற வேலை மிச்சமாகிறதுக்குத்தான் குடுக்கிறம். பிரிக்க ஏலாததெண்டா, உள்ளுக்கு என்ன இருந்தும் பிரியோசனமில்லை.”

புத்தகங்களில் நான் தேடிக் களைத்ததை ஒரு வாய் தேத்தண்ணிக்கு இடையில் சொல்லி முடித்துவிட்டார். அந்த விதி எனக்குத் தலையிடியாக வந்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு பங்குனி மாதம். வெயில் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்த காலை. ஒரு உழவு இயந்திரப் பெட்டி நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். நடுவில் வைக்கோல் பரப்பி, பட்டுத்துணி சுற்றிய ஒரு பொருள். விசுவமடுப் பக்கம் உள்ளே இருக்கிற ஒரு குடியேற்றக் கிராமம். எழுபதுகளில் மலையகத் தோட்டங்களில் இருந்து வந்து காடு வெட்டிக் குடியிருந்த சனம். அவர்களின் மாரியம்மன் கோயில் மணி அது. கடைசி இடப்பெயர்வின்போது மண்ணில் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்து தோண்டியபோது பெக்கோ இயந்திரத்தின் பல் பட்டு, விளிம்பிலிருந்து பாதி உயரத்துக்கு வெடித்துவிட்டது. அதன் பிறகு அடித்தால் கோப்பை தட்டின சத்தம். பல வருடம் அப்படியே சமாளித்து, இனிச் சரிவராது, இதை விற்றுப் புது மணி வாங்குவோம் என்று தீர்மானித்து வந்திருந்தார்கள்.

இவ்வளவும் சிக்கல் இல்லாத கதை. சிக்கல், மணிக்குள் தங்கம் இருக்கிறது என்பது.

மணி வார்க்கும்போது பெண்கள் தங்கள் நகையில் ஏதாவது கழற்றிக் கொடுப்பார்கள், அதையும் உருகும் உலோகத்தில் போட்டால் நாதம் நன்றாக வரும் என்று நம்பிக்கை. மூக்குத்தி, தோட்டுச் சுரை, தாலிக்கொடியில் ஒரு மணி என்று அந்தக் கிராமத்துப் பெண்களும் கொடுத்திருக்கிறார்கள். அதையெல்லாம் துணியில் முடிந்து யாழ்ப்பாணத்து வார்ப்புப் பட்டறைக்குக் கொண்டுபோனவர் கருப்பையா என்பவர். செம்பும் வெள்ளீயமும் வாங்கி வார்ப்பித்து வந்தவரும் அவரே. மணி வந்தது, கருப்பையா கல்வீடு கட்டினார், கதை தொடங்கிவிட்டது. அவர் செத்து நெடுநாள். கதை சாகவில்லை. இப்போது அவர் மகன் ராமையா கோயில் பொருளாளர். ஐம்பது வயது மனிதர், பேசும்போது யாரையும் நேரே பார்க்கமாட்டார். கோயிலுக்குச் சுண்ணாம்பு வாங்கிவந்தாலும், அப்பன் மாதிரியே மகனும் என்று யாராவது மெதுவாகச் சொல்வார்களாம். மணியைக் கடைக்குக் கொண்டுபோவோம் என்று பிடிவாதமாக நின்றவரே அவர்தான் என்று பிறகு தெரிந்தது.

அவருக்கு நேர் எதிரே மீனாட்சி அம்மா. எழுபது வயது இருக்கும். மூக்கில் துளை இருந்தது, மூக்குத்தி இல்லை. “நான் கல்யாணமாகி வந்த வருசம் கழட்டிக் குடுத்தது தம்பி. இதுக்குள்ளதான் கெடக்கணும். கெடக்கான்னு பாத்துச் சொல்லுங்க.”

அவா தொடங்கிவைத்ததும் மற்றவர்களும் தொடங்கினார்கள். எங்கள் அம்மா ஒரு சோடித் தோடு, எங்கள் மாமி ஒரு சங்கிலி, எங்கள் வீட்டில் ஒரு காப்பு. சொல்லச் சொல்ல மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். அத்தனையும் உண்மையானால் அந்த மணியில் செம்புக்கு இடமே இருந்திருக்காது.

முதலாளி தராசைக் காட்டி, “தம்பி, எண்ணெய் போகக் கழுவிப்போட்டு வையும்” என்றார். பக்கத்தில் குவிந்திருந்த பழைய கழிப்பறைச் சாமான்களை அவரே இழுத்து அப்பால் போட்டார். புதுச் சாக்கு ஒன்றை விரித்து, மணியை அதில் வைக்கச் சொன்னார். பிறகு தேத்தண்ணிக்கு ஆள் அனுப்பினார். அத்தனை பேருக்கும்.

துளை போட்டுத்தான் பார்க்கவேண்டும் என்றேன். அம்மனின் மணியில் துளையா என்று ஒரு கூட்டம். மேலே போடு, கீழே போடு என்று இன்னொரு கூட்டம். ஏற்கெனவே வெடித்த இடத்தின் ஓரத்தில் போடுவது என்று ஒருவாறு இணங்கினார்கள். இணங்கியதும் சூடம் கொளுத்தினார்கள். எரிவாயு உருளைகள் அடுக்கியிருந்த இடத்துக்கு எட்டடி தள்ளி. நான் போட்ட சத்தத்தில் வீதியால் போன பேருந்து வேகத்தைக் குறைத்தது. சூடத்தை வீதிக்கரைக்குக் கொண்டுபோய், தேங்காயும் உடைத்து, திரும்பி வந்த பிறகு ஒருவர் கேட்டார், நீங்கள் சைவ சமயம்தானே, இப்படிக் கத்தலாமா என்று.

துளைத்தேன். பித்தளையாக இருந்தால் மஞ்சள் சுருள் சுருளாக வரும். இது சுருளவில்லை. வெளிறிய குறுணலாக, ரவை மாதிரிக் கொட்டியது. வெடிப்பின் உட்புறத்தை அரத்தால் சுரண்டிப் பார்த்தேன், சாம்பல் கலந்த வெண்மை, நெருக்கமான துகள். நல்ல வெண்கலம். நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வெள்ளீயம் போட்டால்தான் இப்படி வரும். அதற்குள் தங்கம் இருக்கிறதா என்று கேட்டால், கடவுளுக்கும் தெரியாது. ஒரு மூக்குத்தி உருகி முப்பது கிலோவில் கரைந்து போனால் அரமும் காட்டாது, அமிலமும் காட்டாது.

அதையே சொன்னேன். வெண்கலம், முதல் தரம். தங்கம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் எங்கள் கடையில் அதற்கு விலை இல்லை, அதைப் பிரித்தெடுக்கிற செலவு தங்கத்தை விடக் கூட.

எல்லோரும் என்னைக் கள்ளனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ராமையா மட்டும் மணியைப் பார்த்தபடி கேட்டார்.

“அண்ணே, எங்கப்பா எடுத்தாரா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க.”

நான் பழைய இரும்பு வாங்குகிற ஆள், நீதிபதி இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். பின்னேரத்துக்குள் ஒரு லொறி இரும்பு ஏற்ற வேண்டியிருந்தது. முதுகு ஏற்கெனவே இழுக்கத் தொடங்கியிருந்தது. முதலாளி கோப்பையைக் கீழே வைத்தார்.

“தம்பி, வெள்ளீயம் என்ன விலை எண்டு இவைக்குச் சொல்லும்.”

சொன்னேன். செம்பை விடப் பல மடங்கு. இந்த நாட்டு மண்ணில் இல்லை, கப்பலில் வரவேண்டும். அன்றைக்கும் அப்படித்தான்.

“வெள்ளீயத்தைக் குறைச்சுப்போட்டு, துத்தநாகமோ ஈயமோ போட்டிருந்தா?”

மணி மணியாகத்தான் இருந்திருக்கும் என்றேன். மஞ்சளாக மினுங்கும், ஒரு மாதிரிச் சத்தமும் வரும். காட்டுக்குள் இருந்த சனத்தில் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அப்போதைய விலைக்கு மிச்சம் பிடித்த காசு, துணியில் முடிந்த மூக்குத்திகளுக்குக் குறையாமல் இருந்திருக்கும்.

முதலாளி மீனாட்சி அம்மாவின் பக்கம் திரும்பினார். “அம்மா, தங்கத்தை எல்லாருக்கும் தெரியும். குடுத்த நீங்கள் ஒவ்வொருத்தரும் பாத்துக்கொண்டிருந்தனீங்கள். வெள்ளீயத்தை ஒருத்தருக்கும் தெரியாது. எடுக்கிற ஆள் எதில கை வைப்பான்?”

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கையில் குறுணலை வைத்துக்கொண்டு நான் வீதக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு மனிதருக்கான சாட்சி என்று எனக்குத் தோன்றவேயில்லை. ராமையா ஓரமாகப் போய் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாரத்துத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். வெயிலும் அதிகம்தான்.

மீனாட்சி அம்மா மணியின் வெடிப்பில் விரலை வைத்துத் தடவினா. “அப்ப எம் மூக்குத்தி உள்ளதான் இருக்கு. எடுக்க முடியாது. அப்பிடித்தானே?”

ஓம் என்றேன்.

“அப்ப விக்க வேணாம். இதையே உருக்கி ஊத்தட்டும். அது அதுலயே கெடக்கட்டும்.”

காலை முழுவதும் போன வேலை, கழுவிய தராசு, அத்தனை கோப்பை தேத்தண்ணி, கடைக்கு ஒரு துண்டு வெண்கலம் மிச்சமில்லை. முதலாளியைப் பார்த்தேன். அவர் மணியை இரண்டு கையாலும் தூக்கி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்ற உதவிக்கொண்டிருந்தார். துளையில் கொட்டிய குறுணலைக் கூட ஒரு கடதாசியில் சுருட்டிக் கொடுத்துவிட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த கிழமை அவர்கள் திரும்பவும் வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பட்டறை பேசியாகிவிட்டது. பெண்கள் இந்த முறையும் கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நாதத்துக்குத் தங்கம் தேவையில்லை, வெள்ளீயம் போதும் என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. சிவப்புத் துணியில் முடிச்சு. அதை ராமையாவே கொண்டுபோகட்டும் என்று மீனாட்சி அம்மா சொல்லியிருக்கிறா. கோயில் சபையும் ஏகமனதாக ஒத்துக்கொண்டிருக்கிறது. ராமையாவோ இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். என்ன சொல்லியும் கையை முன்னால் எடுக்கவில்லை. எங்கள் குடும்பத்துக்கு ஒரு தடவை போதும் என்றார்.

ஊரோடு ஒட்டு உறவு இல்லாத, உலோகம் தெரிந்த, நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று தேடினார்கள். எல்லோரும் ஒரேயடியாக என்னைப் பார்த்தார்கள். முதலாளி, “பாப்பம்” என்றார். அவர் அகராதியில் அதன் பொருள் என்ன என்று எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. பொருளாவது, நான் போகவேண்டும் என்பது.

போனேன். மணியோடு லொறியில் இருந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு, முடிச்சை உள்பையில் வைத்து ஊசி குத்தி. பட்டறையில் மூசையில் வெண்கலம் உருகிக் கொதிக்கும்போது முடிச்சை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் போட்டேன். பார்த்தவர் வார்ப்புக்காரர் ஒருவர்தான், அவரும் புகைக்குள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. மணி நன்றாக வந்தது. கும்பாபிஷேகத்துக்கு என்னை அழைத்து மாலை போட்டார்கள். முதல் அடியின் சத்தம் வயல் வெளியெல்லாம் போய் நெடுநேரம் நின்றது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் தனக்கு அடுத்து நின்றவரிடம், பழைய மணி வெடிக்க முன்னம் இதைவிடக் கொஞ்சம் இனிமை என்றார்.

நான் வீட்டில் அந்த வருடம் சமைக்கிற குசினிக்குக் கல் வைத்துக் கட்டினேன். கறையான் அரித்த பலகைச் சுவர் விழுந்துவிட்டது, வேறு காரணம் இல்லை. அதற்குப் பிறகு விசுவமடுப் பக்கம் இருந்து வருகிறவர்கள் கடையில் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. ஒருநாள் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருந்த ஒரு பெண் இன்னொருத்திக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்தா. மணிக்குத் தங்கம் கொண்டுபோன இரும்புக்கடைக்காரனின் கதை. கல்வீடு என்றா. குசினி மட்டும் என்று எழுந்து சொல்லலாமா என்று யோசித்துவிட்டு, ஒரு தரிப்பிடம் முன்னதாக இறங்கி நடந்தேன்.

போன மாதம் மல்லாவிச் சந்தையில் ராமையாவைக் கண்டேன். கோயில் சபைத் தலைவராகிவிட்டார். நிமிர்ந்து, நேரே கண்ணைப் பார்த்துப் பேசினார். கத்தரிக்காய் விலை, மகளின் கல்யாணம் எல்லாம் சொன்னார். நான் பொறுக்கமாட்டாமல், உங்கள் ஊரில் என்னைப் பற்றி என்ன கதைக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் சிரித்தார். பிறகு ஆதரவாக என் தோளில் கையைப் போட்டார்.

“விடுங்கண்ணே. எப்பிடியும் இந்த மணியும் ஒரு நாளு வெடிக்குந்தானே. அப்பப் பாத்துக்குவாங்க.”